எண்பது கேள்விகளும் சுகந்தியின் வாயும்

சபை மக்களே, சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் முகம் பளிச்சென்று நிற்பார்கள். எனக்கு இன்னும் களைப்புத் தீரவில்லை. அதனால் எழுத்தில் சொல்லுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மனைவி சுகந்தி. எனக்கு எழுதத் தெரியாது என்றில்லை. நான் எழுதியதை வாசிக்க என்னைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டிவரும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் நிம்மதி அடைந்தது அன்றைக்குத்தான். பிறகு மேசன் வேலை. பிறகு கத்தாரில் பதினொரு வருசம். நாலு வருசத்துக்கு முன் ஊருக்கு வந்து, வவுணதீவுப் பக்கம் வயல்களுக்கு வாய்க்காலும் மதகும் கட்டுகிற ஒரு கொந்தராத்துக் கம்பனியில் மேற்பார்வையாளர் ஆனேன். முப்பது பேர் எனக்குக் கீழே. வேலை தெரியும், சத்தம் போடத் தெரியும், பகிடி விடத் தெரியும். இது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருசம் காசு தருகிற வெளிநாட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டார்கள். அடுத்த கட்ட வேலை தொடங்க முந்தி, மேற்பார்வையாளர் எல்லாரும் திட்ட முகாமைத்துவப் பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டும். எண்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, சரியானதுக்குப் புள்ளடி போட வேண்டும். தமிழிலேயே எழுதலாம் என்றதும் சந்தோசப்பட்டேன். புத்தகத்தைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது நான் பேசுகிற தமிழ் இல்லை.

ஏப்ரல் மாதம் முதல்தரம் எழுதினேன். தெரியாத கேள்விக்கெல்லாம் மூன்றாவது விடையைப் போட்டேன். மூன்று திரியேக தேவனுக்குரிய எண் அல்லவா, கைவிடமாட்டார் என்று ஒரு விசுவாசம். தெரியாத கேள்வி அறுபது இருந்தது. முடிவைச் சொல்லத் தேவையில்லை.

ஓகஸ்ட் மாதம் ஒரு காலை. நான் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சுகந்தி வாசலுக்கு வந்து, "இஞ்ச பாருங்க, இடது கை விறைச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள்.

"என்ட குறட்டையைக் கேட்டுக் கேட்டு அதுவும் நித்திரையாப் போயிருக்கும்" என்றேன். என் பகிடிக்கு நானே சிரித்தேன். சைக்கிளை உதைத்துப் போய்விட்டேன்.

மதியம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. பாரிசவாதம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவளுடைய இடது கை, இடது கால் இரண்டும் விழுந்திருந்தன. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைக் கண்டு ஏதோ சொன்னாள். விளங்கவில்லை. கலியாணம் முடித்து இருபது வருசமான மனுசியின் சொல் எனக்கு விளங்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தூக்கவும் குளிப்பாட்டவும் நான்தான். காலையில் சோறாக்கி, அவளுக்கு வாயில் தீத்திவிட்டு வேலைக்குப் போவேன். மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்ப்பா. மாலையில் திரும்பி வந்து உடுப்புத் தோய்ப்பேன். இப்படியே செப்டெம்பரில் இரண்டாம்தரம் பரீட்சைக்குப் போனேன். மேசையில் தலை வைத்தது ஞாபகம். "இன்னும் பத்து நிமிசம்" என்று அறிவித்தபோதுதான் எழும்பினேன். இருபத்தோராவது கேள்விக்கு மேல் எச்சில் வடிந்திருந்தது.

எங்கள் எஞ்சினியர் நஸீர் சேர், ஏறாவூர்க்காரர். நல்ல மனுசன். என்னை விட வயது குறைவு; மேசன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி என்னைப் "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார். மதகடியில் என்னைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பாஸ், ஜனவரில கடைசித்தரம். அதுலயும் இல்லாட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலா. வேற ஆளப் போட்டுருவாங்க."

"சேர், எனக்குப் பதிலா நீங்க எழுதினா என்ன? மீசையக் கொஞ்சம் வளத்தாச் சரி."

"பகிடி விடாதீங்க பாஸ். உங்கட வீட்டு நிலமை எனக்குத் தெரியும். நானும் துஆ கேக்கிறன்."

இந்த வேலை போனால் எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. கத்தாரில் என் மச்சான் ஒரு போர்மன் இடம் பார்த்து வைத்திருந்தான். இங்கே திரும்பவும் மேசனாகச் சாந்தகப்பை பிடிக்க என் முதுகு இடங்கொடாது. நான் கத்தாருக்குப் போனால் சுகந்தியை யார் தூக்குவது? பக்கத்து வீட்டு அக்கா எத்தனை நாளைக்கு?

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். பாஸ்டர் கேட்டார்.

"தம்பிக்கு என்ன விண்ணப்பம்?"

"சோதினை பாஸாகணும் பாஸ்டர். மனுசிட வாய் நேராகணும். ரெண்டில ஆண்டவருக்கு எது லேசோ, அதை முதல்ல தரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. "சிரிச்சு முடிஞ்சுதெண்டா முழங்கால் போடுவம்" என்றார்.

போட்டேன். நெற்றியை முன்னால் கிடந்த வாங்குப் பலகையில் வைத்தேன். "ஆண்டவரே" என்றது மட்டும் நினைவிருக்கிறது. நான் அசையாமல் கிடப்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மா, ஆவியில் நிறைந்துவிட்டான் என்று "அல்லேலூயா" சொல்லியிருக்கிறா. குறட்டை கேட்ட பிறகுதான் நிறுத்தினாவாம். என் ஜெபம் அவ்வளவுதான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி தருகிற மிஸ் சொன்னா: "ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் சத்தமா வாசிக்க வேணும். என்னத்தையாவது வாசிங்க. வாய் அசைய வேணும்."

வீட்டுக்கு வந்து வேதப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். சுகந்தி தலையாட்டிவிட்டாள். அப்போது அவளுடைய பேச்சு வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போலிருக்கும். மெதுவாகச் சொன்னாள்.

"கோணல் வாயால... ஆண்டவர்ர வார்த்தைய... நான் வாசிக்க மாட்டன்."

"அவர் ஒண்டும் நினைக்க மாட்டாருகா."

"நான் நினைப்பன்."

வீட்டில் இருந்த மற்றப் புத்தகம் ஒன்றே ஒன்று. என் பரீட்சைக் கேள்விப் புத்தகம். மேசை ஆடாமலிருக்க ஒரு காலுக்குக் கீழே வைத்திருந்தேன். அதைக் காட்டினாள். "அத எப்பிடி வாசிச்சாலும்... பாவமில்ல."

அன்றைக்குத் தொடங்கியது. மாலையில் நான் சமையலறை வாசலில் குந்தி மீன் வெட்டுவேன். அவள் கதிரையில் இருந்து கேள்வி வாசிப்பாள். ஒரு கேள்வி வாசித்து முடிக்க அவளுக்கு ஐந்து நிமிசம் எடுக்கும். "முகாமைத்துவம்" என்ற ஒரு சொல்லுக்குள் மட்டும் மூன்று தரம் விழுந்து எழும்புவாள். எச்சில் வடியும். துடைத்துவிட்டுத் திரும்ப வாசிப்பாள். அவள் அவ்வளவு மெதுவாக வாசித்ததால்தான் எனக்கு விளங்கியது. வேகமாக வாசித்திருந்தால் என் மண்டைக்குள் ஒன்றும் நின்றிராது.

விளங்கியும் பிழையாகத்தான் சொன்னேன். கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. ஏதோ ஒரு பிரச்சினை வரும், கடைசியில் "நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?" என்று கேட்பார்கள். சீமெந்து பிந்தினால் முதலில் என்ன செய்வீர்கள்? "லொறிக்காரனுக்குப் போன் போட்டு ஏசுவன்" என்பேன். வேலையாள் பிழை செய்தால்? "நானே இறங்கிச் செய்வன்" என்பேன். எல்லாம் பிழை. விடையில் எப்போதும், போய்ப் பார், விசாரி, ஆராய் என்றுதான் இருக்கும்.

ஒருநாள், வயல்காரர் ஒருவர் வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்று வந்தது. "கேக்காத மாதிரி மற்றப் பக்கம் போவன்" என்றேன். சுகந்தி சிரித்துவிட்டாள். கோணல் சிரிப்பு. பாரிசவாதம் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நான் மீனை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூனை அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனது.

"இனி ஒண்டு செய்யுங்க" என்றாள். "உங்களுக்கு... முதல்ல வாற விடைய... வெட்டி விடுங்க. மறுகா... மிச்சத்தப் பாருங்க."

அதன்படி செய்தேன். பத்துக்கு ஆறு சரிவரத் தொடங்கியது.

நவம்பரில் மழை பிடித்தது. வயல் வட்டை முழுக்கத் தண்ணீர், வேலை நின்றது. ஒரு பின்னேரம் அவள் வாசித்தாள். இப்போது கொஞ்சம் தெளிவாக, ஒரே மூச்சில் அரை வசனம் சொல்லக்கூடியதாக இருந்தது. "உங்கள் குழுவில் ஒருவர் தமக்கு ஒரு சிக்கல் இருப்பதாக அறிவிக்கிறார். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?"

நான் வாயைத் திறந்தேன். பகிடி வரவில்லை.

அவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அண்டைக்கு நானும் அறிவிச்சனான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியை வாசித்த அதே குரலில் சொன்னாள்.

மீன் வெட்டிய கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியிலும் நான் அழுதவனில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குப் பகிடி சொல்லிக்கொண்டு நின்றவன். மூன்று மாதமாக அவள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு சொன்னாள்: "அழுதது காணும். விடையைச் சொல்லுங்க."

"நாலு. அவர் சொல்றத முழுசாக் கேக்கணும்."

"சரி. அடுத்தது."

மன்னிப்புக் கேட்டேன் என்றோ, அவள் மன்னித்தாள் என்றோ ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனோம். அதுதான் அவள் தந்த மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் பரீட்சை. அதற்கு முந்தின நாள் முழுக்க வாய்க்கால் உடைப்பு அடைக்கிற வேலை. பரீட்சையன்று காலையில் மழைக்குள் வலையிறவுப் பாலம் தாண்டி டவுனுக்குப் போனேன். கண் தானாக மூடியது. மண்டபத்தில் போய் இருந்தவுடன் பயம் பிடித்தது. விடை தெரியாதென்ற பயமில்லை, நித்திரையாகிவிடுவேன் என்ற பயம். அந்த இடத்தில்தான் இப்படி ஜெபித்தேன்: "ஆண்டவரே, விடை வேண்டாம். அதைச் சுகந்தி தந்துவிட்டாள். இரண்டு மணித்தியாலம் என்னை நித்திரை கொள்ள விடாதேயும்."

ஆமென் சொல்லி முடியவில்லை, பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

கூரை ஒழுக்கு. சரியாக என் கதிரைக்கு மேலே. தாளில் ஒரு சொட்டும் விழவில்லை, எல்லாம் என் பிடரியில்தான். கண் சொருகும்போதெல்லாம் குளிராக ஒன்று விழும். மண்டபத்தைப் பார்க்க நின்ற மிஸ் கண்டுவிட்டு ஓடி வந்தா.

"ஐயா, நனையிறீங்களே. அங்கால கதிரை இருக்கு, மாறுங்க."

"வேணாம் மிஸ். தயவு செய்து இதில கை வைக்காதீங்க."

அவ என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனா. எண்பது கேள்வியும் முழித்திருந்து எழுதினேன். ஒவ்வொன்றையும் சுகந்தியின் குரலில், அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி வாசித்தேன். முதலில் வந்த விடையை வெட்டினேன். மிச்சத்தைப் பார்த்தேன். வெளியே வந்தபோது சட்டையின் முதுகு பிழிகிற அளவு ஈரம்.

ஐந்து கிழமைக்குப் பிறகு நஸீர் சேர் வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்ற முந்தியே, "பாஸ், சித்தி!" என்றார். நான் வாசல்படியிலேயே குந்திவிட்டேன். சுகந்திதான் பேசினாள். "இரிங்க சேர், தேத்தண்ணி போடச் சொல்றன்" என்றாள். நேராக, தடக்காமல். சேர் என்னை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தார். "தங்கச்சி, நீங்க கதைக்கிறீங்க!" என்றார். தினமும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது அப்போதுதான் விளங்கியது. இரண்டில் லேசானதைக் கேட்டேன். ஆண்டவர் ஒன்றை வைத்து மற்றதையும் செய்து முடித்திருந்தார்.

கத்தார் இடத்தை மச்சான் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். நல்லது. இப்போது சுகந்தி கோலை ஊன்றிக் கிணற்றடி வரை நடக்கிறாள். இடது கை இன்னும் சரியில்லை. நானும் முழுசாகத் திருந்தவில்லை, பகிடி வாயில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வேலையாள் ஒருவன் "பாஸ், தலை சுத்துது" என்றால், வாயை மூடிக்கொண்டு அவனை நிழலில் இருத்திக் கேட்கிறேன்.

களைத்துப் போனவர்களே, ஒழுங்காக ஜெபிக்கத் தெம்பு வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தெம்பில்லாமலே வாருங்கள். அரைகுறையாகக் கேளுங்கள். நான் கேட்டது அப்படித்தான்.

இதுவரை எழுதிவிட்டுச் சுகந்தி பேனையை வைத்துவிட்டாள்.

"ஜெபிச்சன் ஜெபிச்சன் எண்டு எழுதச் சொல்றீங்க. பாதி நேரம் நித்திரைதானே?"

"அதையும் எழுதிட்டாய்தானே?"

"எழுதினன்."

"அப்ப சரி. அப்பிடிப்பட்ட ஆளுக்கே தந்தார் எண்டு முடி."