மூன்றடி பின்தங்கிய கழிவறை

"நகர்த்தும் கட்டளையைக் கொடுக்குமுன், வரைபடத்தின் எல்லா லேயர்களும் கண்ணுக்குத் தெரியும் நிலையில் உள்ளனவா என்பதை வரைவாளர் உறுதி செய்ய வேண்டும். மறைக்கப்பட்ட லேயரில் உள்ளவை நகரமாட்டா."

நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தின் படப்பிரிவில், கணினி வரைவுக்கான விதிகளில் இது ஏழாவது. விதிகளை எழுதியவன் நானே என்பதால் எண் நினைவிருக்கிறது. எழுதியவனைத் தவிர வேறு யாரும் அவற்றைப் படித்ததாகத் தகவல் இல்லை.

லேயர் என்பது பெரிய விஷயமல்ல. கணினியில் ஒரு வீட்டை ஒரே தாளில் வரைவதில்லை. சுவருக்கு ஒரு கண்ணாடித் தாள், கதவு ஜன்னலுக்கு ஒன்று, குழாய்களுக்கு ஒன்று, மனையின் எல்லைக்கு ஒன்று என்று அடுக்கி வைத்ததுபோல வரைகிறோம். வேண்டாத தாளை மறைத்துக்கொள்ளலாம். மறைத்தது அழிந்துபோவதில்லை, கண்ணில் படாமல் அதே இடத்தில் இருக்கும். வீட்டைப் பிடித்து நகர்த்தினால் தெரிகிறதெல்லாம் கிளம்பிப் போகும், மறைந்தது மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு இந்த ஏழாம் விதி என் மதில் சுவரைத் தேடி வரும் என்று நான் நினைக்கவில்லை.

தலத்தெருவில் என் வீட்டுக்குக் கிழக்கே வெகுநாளாகக் காலியாகக் கிடந்த மனை அது. அதன் உரிமையாளர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். அந்த வருஷம் நீண்ட விடுப்பில் வந்து, எதிரே வாடகை வீட்டில் குடும்பத்தோடு தங்கி, வீடு கட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஒருநாள் காலையில் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். முகத்தை வேறு எங்கோ வைத்துக்கொண்டார்.

"சார், ஒரு கையெழுத்து வேணுமுங்க."

"எதுக்கு?"

"ஒங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு."

"எதுல ஆட்சேபணை இல்லைன்னு?"

அவர் தாளை நீட்டினார். கட்டட அனுமதி தரும் அலுவலகத்தின் குறிப்பு அது. "மேற்கு எல்லைச் சுவரருகே உள்ள திறந்த நடைபாதையில், சுவர்களும் கூரையும் இன்றி ஒரு கழிவறை காட்டப்பட்டுள்ளது. இதற்கு அண்டை மனை உரிமையாளரின் ஆட்சேபணையின்மைச் சான்று இணைக்கப்படவில்லை. மேலும், வீட்டினுள் பெயர் குறிப்பிடப்படாமல் உள்ள சிறிய காலி அறையின் உபயோகம் யாது என விளக்கவும்."

இரண்டு முறை படித்தேன். இதை எழுதியவர் சாமானியர் அல்ல. வானம் பார்த்த கழிவறை தேவையா என்று அவர் கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை. சான்று இணைக்கப்படவில்லை என்பதே அவருடைய ஒரே வருத்தம். என் பணிக்காலம் முழுவதும் இவ்வளவு சுத்தமான குறிப்பை எழுதத்தான் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஒருவருக்கும் வரவில்லை.

உள்ளேயிருந்து என் மனைவி, "என்னங்க, என்ன கையெழுத்து?" என்றாள்.

"பக்கத்து வீட்டுக் கக்கூஸுக்குச் சுவர் வேணாம், நமக்குச் சம்மதமான்னு கேக்குறாங்க."

"சுவர் வேணாமா? சாயங்காலம் காத்துக்கு அந்தப் பக்கந்தானே நாற்காலி போடுவோம்? நீங்க பாட்டுக்குப் போட்டுக் குடுத்துடாதீங்க!"

பக்கத்து மனைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கும் நிலையில் இல்லை.

"லீவு முடியப் போவுது சார். ஒரு தடவை தள்ளிப் போட்டுட்டேன், இனிமே குடுக்க மாட்டாங்க. எங்க வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ணினப்ப வரமுடியல. புள்ளை பொறந்தப்பவும் வரமுடியல. எல்லாம் போன்லதான் பாத்தேன். இந்த வீட்டுக்காவது கடகாலுக்கு மொத வெட்டு நான் நின்னு வெட்டணும்னு வந்தேன். அனுமதி இல்லாம மண்ணுல கைய வைக்கக் கூடாதுன்னு உம்மா சொல்லிட்டாங்க. சரியாத்தானே சொல்றாங்க?"

அவருடைய தாயார் சரியாகத்தான் சொல்கிறார். அந்த அம்மாளைப்போல விதியை மதிப்பவர்கள் நாலு பேர் எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் நான் இன்னும் நல்ல ரத்த அழுத்தத்தோடு ஓய்வு பெற்றிருப்பேன். கையெழுத்துப் போட மறுத்து, சட்டையை மாட்டிக்கொண்டு, படம் வரைந்த இடத்துக்கு அவரோடு கிளம்பினேன்.

வரைந்தவர் ஒரு பெண் பொறியாளர். விழிதியூரில் விவசாயக் குடும்பம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை எடுத்துத் தொழில் செய்கிறாள். குறிப்பைக் காட்டியதும் படத்தைத் திரையில் திறந்தாள். பார்த்தவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ. கக்கூஸ் லேயரை ஃப்ரீஸ் பண்ணி மறைச்சு வச்சிருந்தேன் சார்."

"ஏம்மா? கக்கூஸ் என்ன பண்ணிச்சு ஒன்ன?"

அவள் பக்கத்து மனைக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். "உம்மாவைக் கேளுங்க" என்றாள்.

கதை இதுதான். கழிவறையில் உட்காரும்போது தொழுகைத் திசையான கிப்லாவுக்கு முகமோ முதுகோ காட்டக்கூடாது என்பது அவர்கள் வீட்டு ஒழுங்கு. நம் ஊருக்குக் கிப்லா மேற்குப் பக்கம். ஆகவே தெற்கு வடக்காகத்தான் உட்கார வேண்டும். அப்படித்தான் வரைந்திருந்தாள். அந்த அம்மாள் நேரில் வந்து பார்த்துவிட்டு, இது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டிருக்கிறார். வடக்கு என்று சொல்லித் திரையின் மேற்பகுதியைக் காட்டியிருக்கிறாள்.

"வடக்கு எப்புடிம்மா மேல இருக்கும்? மேல ஃபேனுல்ல சுத்துது?"

படத்தில் வடக்கு எப்போதும் மேலேதான் என்று விளக்கியிருக்கிறாள். அந்த அம்மாள் விடவில்லை. மகனின் போனில் திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். பிறகு மானிட்டரைத் தூக்கி மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, நிஜ வடக்குக்குத் திருப்பி, குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் முறை மானிட்டரின் ஒயர் கழன்றுவிட்டது. அதன் பிறகு அவர் படியேறும் செருப்புச் சத்தம் கேட்டாலே இவள் கழிவறை லேயரை மறைத்துவிடுவாள். சமையலறை, கூடம் என்று பேச்சு நிம்மதியாகப் போகும்.

அப்படி ஒரு நாள் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான், என் மதிலோரம் இரண்டடிதான் இடைவெளி இருக்கிறது, ஐந்தடி வேண்டும் என்று நினைவுக்கு வந்து, வீட்டைக் கிழக்கே மூன்றடி நகர்த்தியிருக்கிறாள். சுவர் போனது, கதவு போனது, மாடிப்படி போனது. கழிவறையின் பீங்கானும் குழாயும் பெயரும் மட்டும் பழைய இடத்திலேயே நின்று, நடைபாதைக்கு வந்துவிட்டன. அந்த அம்மாள் போனதும் எல்லா லேயரையும் திறந்து, விமானத்துக்கு நேரமாகிறவர்போல் அவசரப்படுத்திய மகனுக்காக அப்படியே அனுப்பிவைத்தாள். மகன் பார்க்காமலே கையெழுத்திட்டார்.

"இதுக்கு ஒரு வழி இருக்கும்மா" என்றேன். என் குரலில் பழைய பிரிவுத் தலைவர் எழுந்து நின்றது எனக்கே கேட்டது. "மனுஷன் மறப்பான். மெஷினையே பாத்துக்கச் சொல்லிடுவோம்."

வீட்டுக்கு வந்து பழைய கணினியைத் தட்டி எழுப்பி, ஒரு சின்ன நிரல் எழுதினேன். நகர்த்து என்று கட்டளை கொடுத்தால் அது முதலில் எந்தெந்த லேயர் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். மறைந்ததையெல்லாம் வெளியே கொண்டுவரும். அசையாதபடி பூட்டி வைத்த லேயர்களைத் திறக்கும். அதன் பிறகுதான் நகர்த்த விடும். நகர்த்தியதும் எல்லாவற்றையும் முன்பிருந்தபடியே மறைத்துப் பூட்டிவிடும். விதியை யாரும் படிக்கத் தேவையில்லை. விதியே வேலை பார்க்கும். இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் தவறியது.

"ரிட்டயர்டு ஆனது நீங்களா ஆபீஸா?" என்று மனைவி கேட்டாள்.

நிரலை எடுத்துக்கொண்டு நானும் பக்கத்து மனைக்காரரும் மீண்டும் மாடியேறினோம். இம்முறை அவருடைய உம்மாவும் கூட வந்தார். பொறியாளர் பழைய படத்தை, வீடு என் மதிலோரம் இருந்த நிலையில், எடுத்துவைத்தாள். கட்டளையைத் தட்டினாள். எல்லாவற்றையும் தேர்ந்தெடு, கிழக்கே மூன்றடி என்றாள். திரை ஒரு முறை சிமிட்டியது.

கழிவறை அதன் அறைக்குள்ளேயே இருந்தது. கைகட்டி நின்றேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் மதிலோர இடைவெளியை அளந்தாள். இரண்டடி. மறுபடி அளந்தாள்.

"சார், ஒண்ணுமே நகரலையே?"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "எல்லாமே நகந்துடுச்சும்மா."

வீடு மூன்றடி கிழக்கே போயிருந்தது. மனையின் எல்லையும் போயிருந்தது. என் மதில் சுவர், என் வீடு, முன்னால் உள்ள தெரு, மின்கம்பம், எல்லாம் ஒற்றுமையாக மூன்றடி நகர்ந்திருந்தன. நில அளவையர் தந்த மனை எல்லையை அவள் ஒழுங்காகப் பூட்டி வைத்திருந்தாள். என் நிரல் அதன் பூட்டையும் திறந்துவிட்டது.

"நான் பூட்டி வச்சதை எதுக்கு சார் தொறந்தீங்க?"

"விதிப்படி…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

உம்மா, "தம்பி, ஒங்க வீட்டையும் சேத்து நவுத்திட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார். "ஒங்க வூட்டம்மா உள்ள இருப்பாங்களே, சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?"

பொறியாளர் மேசைமேல் கவிழ்ந்து சிரித்தாள். மகனும் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார். நான் அங்கேயே உட்கார்ந்து நிரலில் இன்னும் சில வரிகளைச் சேர்த்தேன். இந்த மனையில் கட்டுவது எல்லாம் வெளியே வர வேண்டும். மண்ணும் தெருவும் அண்டை வீடும் பூட்டியபடியே இருக்க வேண்டும். ஓட்டினோம். வீடு நகர்ந்தது, கழிவறை கூடவே போனது, தெரு இருந்த இடத்தில் இருந்தது. ஐந்தடி. உம்மா மானிட்டரை நோக்கி எழுந்தார். பொறியாளர் ஒயரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திருத்திய படத்தை அன்றே இணையத்தில் ஏற்றினோம். விளக்கக் கடிதத்தை நான் எழுதினேன். பெயரிடப்படாத காலி அறைக்குரிய கழிவறை அதே அறையினுள் சேர்க்கப்பட்டுவிட்டது என்று முடித்தேன்.

பிறகு காத்திருப்பு. தினமும் காலையில் பக்கத்து மனைக்காரர் போனை எடுத்துக்கொண்டு வருவார். "பரிசீலனையில் உள்ளது" என்று இருக்கும். நான் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு மறுநினைவூட்டல். இரண்டுக்கும் நடையில் வித்தியாசம் உண்டு. முதலாவதில் பணிவு இருக்கும், இரண்டாவதில் பணிவு இருந்த இடம் இருக்கும். எதற்கும் பதிலில்லை. கடைசியில் நேரிலேயே போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார், நீங்களா? ட்ரெயினிங்ல ஒங்க கிளாஸ் கேட்டிருக்கேன் சார். வரிசை மீறி ஒரு ஃபைலைத் தொட்டாலும் தப்புன்னு ஒரு மணி நேரம் பேசுனீங்க. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் சார் செய்றேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். "நம்ம ஃபைல் வரிசையில எங்க இருக்கு?"

"வரும் சார்" என்றார், பெருமையோடு.

வெளியே நின்றிருந்த பக்கத்து மனைக்காரரிடம், வரும் என்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அன்று மாலை அவர் மனையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு எதிர்வீட்டுக்குள் போனார்.

அவர் கிளம்பும் நாள் வந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு வேன் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. அறைத் தோழர்களுக்கான கோட்டுச்சேரிமேட்டுக் கருவாடு, நாலு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றியும் மணந்தது. நானும் மனைவியும் வழியனுப்ப வாசலுக்கு வந்தோம். அவர் சலாம் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பொறியாளரின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியது. ஒரு கை வண்டியில், ஒரு கை மேலே, அதில் தாள் சுருள்.

"வந்துடுச்சு சார்! இப்பதான் டவுன்லோட் ஆச்சு! ஒரு கேள்விகூட இல்ல!"

நான் தாளை விரித்துக் கழிவறையைப் பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பக்கத்து மனைக்காரர் தாளைப் பார்க்கவே இல்லை, மனையைப் பார்த்தார்.

"கொத்தனாருக்குப் போன் போடும்மா" என்றேன்.

கொத்தனார் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். மண்வெட்டியோடு வந்தவர், வாசலில் தயங்கினார். "ஆடியில கடகால் வெட்டுறதா சார்?"

"பாய்க்கு ஏதுங்க ஆடி?" என்றாள் என் மனைவி.

கொத்தனார் யோசித்தார். "அதுவும் சரிதான். ஆடி எனக்குத்தானே. அவங்க வெட்டட்டும், நான் நிக்கிறேன்."

டேப்பின் ஒரு முனையை நான் என் மதிலில் வைத்துப் பிடித்தேன். மறுமுனையைப் பொறியாளர் ஐந்தடியில் வைத்துச் சுண்ணாம்புப் பொடி தூவினாள். வேன் ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். "பாய், ஏர்போர்ட்ல கேட்டை மூடிடுவாங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது!"

"பிஸ்மி சொல்லி வெட்டு" என்றார் உம்மா.

அவர் பயணத்துக்கு மாட்டியிருந்த பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு வெட்டினார். ஒரு வெட்டு போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் நிறுத்தவில்லை. ஈர மணல் பக்கத்தில் குவிந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் கொத்தனார் மெதுவாக மண்வெட்டியைப் பிடித்தார்.

"குடுங்க பாய். மிச்சத்தை நாங்க வெட்டிக்கிறோம். எங்களுக்கும் வேலை வேணும்ல?"

காலில் மண்ணோடு அவர் வேனில் ஏறினார். உம்மா எல்லோருக்கும் வாய் இனிக்கச் சீனி கொடுத்தார். வேன் திரும்பியதும், தாளைப் பத்திரமாக உம்மாவிடம் ஒப்படைக்குமுன், பழக்கம் விடாமல் அதன் மேல் மூலையில் பதில் பெறப்பட்ட நாளைப் பேனாவால் குறித்தேன்: ஆடி முப்பது, வியாழக்கிழமை.