தேன்மொழி மேல் எனக்கிருக்கும் பொறாமை

தேன்மொழி போய்விட்டாள் என்ற செய்தி எனக்குக் கடைசியில்தான் வந்தது. பண்ணைக்காரர்கள், உதிரிபாகம் விற்பவர்கள், சேலத்தில் சர்க்யூட் போர்டு பற்றவைத்துக் கொடுப்பவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலி எழுதி முடித்த பிறகே நான் கைப்பேசியைத் திறந்தேன். மாரடைப்பாம். என்னைவிட ஒரு வயது இளையவள். இத்தனை வருடம் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஏன் ஒருவரும் போன் செய்யவில்லை என்று முதலில் கோபம் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான். அவளைத் தெரிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன பயன்? எங்கள் இருவருக்கும் ஆகாது என்று நீங்களே பேசிக்கொண்டதுண்டு. அது சரியல்ல. அவளுக்கு என்னைப் பிடிக்கும். எனக்குத்தான் அவளைக் கண்டால் வயிறு எரியும்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சின்ன நிறுவனம் எங்களுடையது. கொட்டகையின் சூட்டைப் பார்த்து விசிறிகளை ஓட்டுவது பெட்டிக்குள் இருக்கும் போர்டின் வேலை. கரண்ட் வந்ததும் அதில் முதலில் எழுவது பூட்லோடர் என்கிற சிறு நிரல். அது மற்றவற்றைத் தட்டியெழுப்பி லினக்ஸின் கையில் ஒப்படைக்கும். எந்த முனையில் விசிறி, எந்த முனையில் சென்சார் என்று லினக்ஸுக்குச் சொல்வது டிவைஸ் ட்ரீ என்கிற விவரக் கோப்பு. இந்த இரண்டில் எது பிசகினாலும் பெட்டி வாயைத் திறக்காது. அதைத் திறக்க வைப்பதற்குத்தான் எங்கள் இருவருக்கும் சம்பளம்.

புது போர்டு வந்திறங்கிய நாளைச் சொல்கிறேன். பூட்லோடர் ஒழுங்காக எழுந்தது, லினக்ஸைத் தொடங்குகிறேன் என்று திரையில் ஒரு வரி போட்டது, அதோடு சரி. காலையிலிருந்து மல்லுக்கட்டிவிட்டு, நினைவகச் சிப்பைப் பற்றவைத்ததில் கோளாறு, மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். தேன்மொழி டீயும் கையுமாக வந்தாள். திரையைப் பார்க்கும் முன் பிராசசர் மேல் விரல் வைப்பது அவள் வழக்கம், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. அன்றும் வைத்தாள்.

“சும்மா கெடந்தா இந்தச் சூடு சுடாதுங்க்கா. உசுரோடதான் இருக்குது. வேற வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருக்குது” என்றாள்.

போர்டிலிருந்து திரைக்குச் செய்தி வரும் கம்பியைப் பிடுங்கிப் பக்கத்து முனைகளில் செருகினாள். திரை நிறைய வரிகள் கொட்டின. சிப் விற்றவர்கள் கொடுத்த மாதிரி போர்டின் விவரக் கோப்பையே நாங்கள் அப்படியே போட்டிருந்தோம். அதில் செய்தி போகும் வழி வேறு. அந்தக் கோப்பு காலையிலிருந்து என் திரையில்தான் திறந்து கிடந்தது. அடக்கம் என்பது தேன்மொழியிடம் மருந்துக்கும் கிடையாது. போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திவைத்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

இன்னொன்று அவள் பேச்சு. நான் கெங்கவல்லிக்காரி, அவள் பண்ணைக்காரர்களின் பேச்சே பேசும் நாமகிரிப்பேட்டைக்காரி. போனில் பண்ணைக்காரரிடம் மழை, தண்ணீர், மக்காச்சோளம் எல்லாம் விசாரித்துவிட்டு, “கடைசியா என்னத்தைங்க மாத்துனீங்க?” என்று கேட்பாள். எல்லோரும் முதலில் ஒன்றும் மாற்றவில்லை என்றுதான் சொல்வார்கள். அவள் பேசாமல் காத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில், மச்சான் வந்து ஒரு ஒயரை மாற்றியது தானாக வெளியே வரும். அதே கேள்வியை நான் கேட்டால் போலீஸ் விசாரணைபோல இருக்கும். மனுஷர் போனை வைத்துவிடுவார்.

அவளைத் தாண்டி நான் செய்தது ஒன்றே ஒன்று. கோடையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் போர்டு புதிதாக எழ வேண்டும். முழுக்க எழும்வரை விசிறிகள் நிற்கும். கரண்ட் அடிக்கடி போய் வரும் நாளில், மூடிய கொட்டகையில் அந்த நேரங்கள் சேர்ந்தாலே போதும், கோழி மூச்சுமுட்டிச் சாக. ஜேடர்பாளையம் பக்கத்துப் பண்ணைக்காரர் நல்லுசாமி அண்ணன் வந்து அழாத குறையாகச் சொன்னார். தேன்மொழி அப்போது தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தாள். எழுந்ததும் விசிறியைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று பூட்லோடரை மாற்றினேன். லினக்ஸ் பொறுப்பேற்றதும் விசிறி மறுபடி நின்றது. விவரக் கோப்பில் அந்த முனைகள் தொடக்கத்தில் அணைந்திருக்கும்படி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து அதையும் மாற்றினேன். தேன்மொழி திரும்பி வந்ததும் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். “இது எனக்குத் தோணலீங்க்கா” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

கோடை கழிந்து நல்லுசாமி அண்ணன் சால்வையோடு வந்தார். நேராகத் தேன்மொழிக்குப் போர்த்தினார். “இதச் செஞ்சது நானில்லீங்க, இந்தக் கலாக்காதானுங்க” என்று அவள் என்னைக் காட்டி எல்லோர் முன்னும் சொன்னாள். பெரிய மனசு என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆபீஸே கைதட்டியது. உண்மையைச் சொன்னதற்கும் அவளுக்கே பெயர்.

அடக்கத்துக்குப் போனபோது அவள் வீட்டு வாசலில் நல்லுசாமி அண்ணன் நின்றிருந்தார். தேன்மொழி அம்மிணி இல்லாவிட்டால் அந்தக் கோடையில் தன் கொட்டகை காலியாகியிருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவு வீடு என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டேன்: “அண்ணே, அதைச் செஞ்சது நான்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அம்மிணியும் அதையேதாங்க சொல்லும். எப்பப் போன் பண்ணுனாலும், விசிறி கலாக்கா வேலைங்கன்னு. போன வாரங்கூடச் சொல்லுச்சு. நாந்தானுங்க நம்புல.”

போன வாரம்கூட. அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள ஏதாவது உண்டென்றால் அது இந்தப் பொறாமைதான். இறக்கிவைக்க மனம் வரவில்லை. அவள் செய்த நூறு வேலைகளில் ஒன்றையாவது அவள் செய்தாள் என்று நான் யாரிடமும் வாயாரச் சொன்னதில்லை, இன்றுதான் எழுதுகிறேன். நான் செய்த ஒன்றை அவள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இதிலும் என்னை முந்திவிட்டாள்.