மாட்டுக்கொட்டகையில் விரிந்த குடங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தலைக்குச் சாயம் பூச உட்கார்ந்தேன். (இந்த வயதில் யாரை மயக்க என்று மனைவி கேட்டாள்; அதை விடுங்கள்.) டப்பாவைத் திறந்ததும் மூக்கில் குப்பென்று ஏறிய அமோனியா நெடி என்னை நேராகத் திருவண்ணாமலையில் கொண்டுபோய் விட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். வேதியியல் படித்துவிட்டு ஒரு பித்தளைக் குடப் பட்டறையில் தரம் பார்க்கச் சேர்ந்திருந்தேன். ஆய்வுக்கூடம் என்றால் ஒரு மேஜை, ஒரு தராசு, சில குப்பிகள். அமிலத்தில் பித்தளை நீலப்பச்சையாகக் கரைகிற அழகுக்காகவே சில நாள் தேவையில்லாமல் கரைத்திருக்கிறேன்.

முதலாளிக்கு ஒரு தலைவலி. தை மாதக் கல்யாணச் சீருக்கென்று ஐப்பசியிலேயே அடித்துவைக்கும் குடங்கள், யாரும் தொடாமலேயே கழுத்தில் விரிசல் விட்டன. அவருக்குத் தகடு விற்கும் காதர் பாய் மேல் சந்தேகம்.

"பாய் கலப்படம் பண்றாரு. ஈயம் ஜாஸ்தி இருக்கும், பாருங்க" என்றார். கடைத்தெருவிலும் சொல்லிவிட்டார். மற்ற பட்டறைக்காரர்களும் பாயிடம் வாங்குவதை நிறுத்தினார்கள்.

சோதித்தேன். தகட்டில் ஒரு குறையும் இல்லை. சென்னையிலிருந்து வரவழைத்த தகட்டில் குடம் அடித்தோம், அதுவும் விரிசல் விட்டது. பிறகுதான் எனக்கு உறைத்தது. கார்த்திகை தீபத்துக்கு வரும் சனங்கள் தங்கட்டும் என்று முதலாளி வருடா வருடம் கிடங்கை ஒழித்துக் கொடுப்பார். குடங்களெல்லாம் பின்னாலிருந்த மாட்டுக்கொட்டகைக்குப் போகும். அடிபட்டு இறுகிய பித்தளைக்கு மாட்டு மூத்திரத்தின் அமோனியா ஆகாது; மழை ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். புண்ணியம் செய்யப்போய் வந்த வினை.

பாய் தகட்டில் அடித்த இரண்டு குடங்களை அமோனியாக் கிண்ணத்தோடு ஒரு டிரம்முக்குள் மூடிவைத்தேன். ஒன்றை மட்டும், அடிபட்ட இறுக்கம் தளரட்டும் என்று, முன்பே அடுப்பில் மிதமாக வாட்டியிருந்தேன். மறுநாள் வாட்டிய குடத்தைச் சுண்டினால் கணீரென்றது. மற்றதன் கழுத்தில் விரிசல்.

முதலாளி பார்த்தார். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனார்.

"தப்பு எம்மேல பாய். மனசுல வெச்சுக்காதீங்க."

பாய் டீ வரவழைத்தார். நாங்கள் குடித்து முடித்த பிறகுதான் பேசினார். "தகட்ட இவ்ளோ சோதிச்சீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேங்க."

கொஞ்ச நாளில் பாய் கடையை மூடிவிட்டு ஆம்பூரில் இருந்த மகனிடம் போய்விட்டார்.

இப்போது பட்டறை லாட்ஜாகிவிட்டது. சீருக்கு எவர்சில்வர் போதுமென்றாகிவிட்டது. அதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் போனமுறை ஊருக்குப் போனபோது, பாய் கடை இருந்த இடம் அடையாளம் தெரியாமல் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"யாரு, கலப்படம் பண்ணி மாட்டிக்கினாரே, அந்தப் பாயா?"