முட்டைக் கோப்பி குடித்தவன்

நேற்றுப் பின்னேரம் என் பேரன் உடற்பயிற்சி முடித்து வந்து, ஒரு பெரிய பேணியைத் திறந்து புரத மாவை அள்ளித் தண்ணீரில் போட்டுக் குலுக்கினான். "உடன குடிக்கவேணும் அப்பப்பா, அப்பதான் உடம்பில பிடிக்கும்" என்றான். வனிலா வாசனை. அதற்கு அடியில் மெல்லிய வெடுக்கு. பச்சை முட்டை என்றது என் மூக்கு. மூக்குக்கு வெட்கமே கிடையாது, ஐம்பது வருடம் கழித்தும் காட்டிக்கொடுக்கிறது.

எங்கள் வீட்டில் இதற்கு முட்டைக் கோப்பி என்று பெயர். முட்டையை உடைத்துச் சீனி போட்டு நுரைக்க அடித்து, கொதிக்கிற கோப்பியை அதன்மேல் ஊற்றுவார் அம்மா. கூப்பன் காலம் அது. சீனி கிடைப்பதே பெரிய பாடு, பாணுக்கு விடிய முன்னமே வரிசை. அந்த வரிசையில் நின்றவள் என் தங்கை பவளம். வந்து குசினி வேலை, பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் துறைமுகத்துப் பக்க மைதானத்தில் ஓட்டம். அதே மைதானத்தின் மற்றக் கோடியில் நான் உதைபந்தாடினேன். எப்படி ஆடினேன் என்று கேளாதீர்கள். குழுவில் எனக்கு நிரந்தரமான இடம் ஒன்று இருந்தது, மைதானத்துக்கு வெளியே, மாற்று ஆட்டக்காரர் குந்தியிருக்கும் வாங்கில்.

பயிற்சி முடிந்து நான் கதிரையில் விழுந்தால், "தம்பி களைச்சுப் போனான்" என்று அம்மா கோப்பி அடிப்பார். பவளம் வந்து சுவரில் சாய்ந்தால், "என்ன பிள்ளை சோம்பல், அரிசியைக் களைஞ்சு போடு" என்பார். அம்மா கெட்டவர் இல்லை. ஆண்பிள்ளைக்கு வருவது களைப்பு, பெண்பிள்ளைக்கு வருவது சோம்பல் என்றுதான் அந்த நாளில் எல்லா வீட்டு அகராதியிலும் இருந்தது. எனக்கு அந்த அகராதி மிகவும் பிடித்திருந்தது.

ஒரு நாள் அவளுடைய விளையாட்டு ரீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். எண்ணூறு மீற்றர் ஓட்டத்துக்கான மாகாணத் தெரிவுப் போட்டிக்கு மூன்று கிழமை இருந்தது. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் கொழும்புக்குப் போகலாம்.

"பிள்ளையின்ர காலில ஒரு குறையும் இல்லை அம்மா. ஓடி முடிஞ்ச உடன வயித்துக்கு ஏதும் போகவேணும். இல்லாட்டி அடுத்த நாள் ஓட ஏலாது. ஒரு முட்டையாவது குடுங்கோ."

"ஓம் ரீச்சர், குடுக்கிறன்."

அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எங்கள் கோழிகளில் ஒன்றுதான் அப்போது இட்டுக்கொண்டிருந்தது. அந்த முட்டையில் கோப்பி அடித்து மூடி வைத்து, "இது பவளத்துக்கு" என்று என்னிடமே சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போவார். மைதானத்தில் ஒருவரையும் முந்தாத நான், வீட்டுக்கு மட்டும் முந்தி வந்துவிடுவேன். முதல் நாள் பாதி குடித்தேன். இரண்டாம் நாள் முழுவதும். பவளம் வந்து வெறும் கோப்பையைப் பார்த்தாள்.

"பரவாயில்லை அண்ணா, எனக்கு அது வெடுக்கு" என்றாள்.

அந்தப் பொய் எனக்குப் போதுமாக இருந்தது. மூன்று கிழமையும் குடித்தேன். அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மத்தியானச் சோற்றில் தண்ணீர் விட்டு உப்புப் போட்டுக் குடித்துவிட்டு அடுப்பு மூட்டப் போவாள். அம்மாவிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

போட்டியன்று கடைசிச் சுற்று வரையும் அவள்தான் முன்னுக்கு. வளைவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டி நொண்டி மூன்றாவதாக வந்தாள். முட்டைக் கோப்பியால் யாரும் ஓட்டம் வென்றதில்லை, எனக்கும் தெரியும். இந்த நியாயத்தை எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட நம்பியதில்லை. அப்பா "ஓடினது காணும், இனி வேண்டாம்" என்றார். அடுத்த வருடம் கலியாணம் பேசிச் சாம்பல்தீவில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஓடி ஒருவரும் பார்க்கவில்லை.

ரீச்சர் மாற்றலாகிப் போய்ப் போன இடத்திலேயே இறந்துவிட்டார். அம்மாவும் அப்பாவும் இல்லை. கூட ஓடிய பிள்ளைகள் எந்தெந்த நாட்டிலோ. பள்ளிக்கூடத்துப் பழைய படங்கள் கலவரத்தில் எரிந்தன. இந்தத் துறைமுகத்துப் பக்கத்தில் அப்படி ஓடிய ஒருத்தி இருந்தாள் என்பதற்கு இப்போது சாட்சி நான் ஒருவன்தான். கள்ளனும் நான்தான்.

போன வருடம் பவளத்தின் செத்தவீட்டில் அவளுடைய மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மாமா, அம்மா சின்ன வயசில எப்பிடி இருந்தவ?"

ஓடுவாள் என்று வாய் திறந்தால், பிறகு ஏன் விட்டவ என்று கேட்பாள்.

"நல்லாச் சமைப்பா" என்றேன்.