ஒற்றைக் கைக்கு ஒரு கேமரா

1. கடைப்படியில் நடந்த சோதனை

கேளம்பாக்கத்தில் கேமரா விற்கிற, வாடகைக்கும் விடுகிற கடை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் கவுன்ட்டரில் நின்றவன் நான். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்கு எந்தக் கேமரா என்று முடிவு கட்டிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதை ஒரே நாளில் இறக்கிவைத்தவர் ஸ்டெல்லா. பயணத்துக்கு எந்தக் கேமரா நல்லது என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால், அவர் கதையைத்தான் சொல்கிறேன்.

ஸ்டெல்லாவுக்குச் சொந்த ஊர் படாளம். செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டரிடம் ஒன்பது வருஷமாக அசிஸ்டென்ட். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் கடன் வாங்கிய கேமராவில் படம் எடுத்துப் பழகியவர். வசந்தி மேடம் என்பவர் ஓய்வுபெற்றவர்களை வேனில் வைத்துக் கடலோரம் சுற்றிக்காட்டும் தொழில் நடத்திவந்தார். கூடவே போய் அவர்களைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கவும், படம் எடுக்கவும் ஒரே ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு ஸ்டெல்லாவைப் பார்க்கச் சனிக்கிழமை மாமல்லபுரத்தில் ஒருநாள் ட்ரயல். அவரோ அதற்குள் டாக்டரிடம் மாசக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் இடத்துக்கு வேறு பெண்ணும் வந்தாயிற்று. ட்ரயல் சொதப்பினால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

கடைக்கு வந்து இதையெல்லாம் அவர் சொன்னதும், “கவலைப்படாதம்மா” என்று என்னிடம் இருந்ததிலேயே பெரிய மிர்ரர்லெஸ் கேமராவையும், தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸையும் எடுத்து வைத்தேன்.

தூக்கிப் பார்த்தார். “இன்னாண்ணா இவ்ளோ வெயிட்டு கீது? ரெண்டு கையும் இதுக்கே பூடுச்சின்னா நான் யாரைப் புடிச்சி எறக்கறது?”

“சின்னதுல வெளிச்சத்தப் புடிக்கிற சென்சார் சின்னதும்மா. வெளிச்சம் கம்மியா இருந்தா படம் கொழகொழன்னு வரும்.”

“வேன் அங்க போய் நிக்கிறது காலைல ஒம்போது மணிண்ணா. வெளிச்சத்துக்கு இன்னா கொறச்சல்?”

பெரிய செட்டை எடுத்து உள்ளே வைத்தேன். ஸ்டெல்லா சின்னக் கேமராக்கள் மூன்றை எடுத்துக்கொண்டு கடைப்படிக்குக் கீழே போய் நின்றார்.

“அண்ணா, நீங்க முட்டி வலிக்கிறவரு. மெதுவா எறங்குங்க.”

ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்க்க, நான் முட்டி வலிக்காரனாக மூன்று தடவை படியிறங்கினேன். இடது கையால் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் கேமராவை ஆன் பண்ணி, ஜூமை இழுத்து, கிளிக் பண்ணிப் பார்த்தார். முதல் கேமராவின் லென்ஸ் மூடியைக் கழற்ற இரண்டு கை வேண்டியிருந்தது. “வேணாம்.” இரண்டாவதில் ஜூம் பட்டனுக்குக் கட்டைவிரல் எட்டவில்லை. “இதுவும் வேணாம்.” மூன்றாவது ஆன் பண்ணினதும் மூடி தானே திறந்துகொள்ளும் ரகம், சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதைத்தான் எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் படியிறங்க வைத்துக் கேமரா வாங்கியவர் வேறு யாருமில்லை.

இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வசந்தி மேடத்துக்குப் போன் போட்டேன். அவருக்கு ரொம்ப நாளாக வாடகைக்குக் கேமரா கொடுப்பவன் நான்.

“அந்தப் பொண்ணு சின்ன கேமராதான் கொண்டாரும் மேடம். எதுக்கும் பேக்கப்பா நானும் பெரிய கேமராவோட வரேன்.”

“வாங்க, நல்லதுதான். யார் படம் நல்லா இருக்கோ அதப் போட்டுக்கலாம்” என்றார்.

2. வேன் கதவு

வசந்தி மேடத்திடம் ஒரு வழக்கம். ட்ரிப் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆல்பம் தருவார். அதன் முதல் பக்கத்தில், ஊர் போய்ச் சேர்ந்து வேனிலிருந்து முதல் காலைக் கீழே வைக்கும்போது அவரவர் முகம் எப்படி இருந்ததோ அந்தப் படம்தான் இருக்க வேண்டும். “போஸ் குடுத்தா அது பாஸ்போர்ட் போட்டோ. எனக்கு எறங்கற மூஞ்சி வேணும்” என்பார். மறுபடி ஏறி இறங்கச் சொல்வதெல்லாம் கிடையாது.

செங்கல்பட்டில் கிளம்பும்போதே ஏசியை முழுசாக வைத்துவிட்டார்கள். பதினொரு பேர், பாதிப்பேர் கல்பாக்கத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள். என் கேமராப் பையை ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்தில் பத்திரமாக வைத்திருந்தேன். ஸ்டெல்லா இடுப்பில் ஒரு துணிப்பை கட்டி, அதற்குள் கேமராவைப் போட்டு, மேலே துப்பட்டாவை இழுத்துச் சுற்றி, வழி முழுக்க ஒரு கையை வயிற்றின்மேலேயே வைத்திருந்தார்.

“இன்னாம்மா, அடைகாக்கிறியா?” என்றேன்.

“இருக்கட்டும்ணா” என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மாமல்லபுரத்தில் கதவு திறந்ததும் நான் முதல் ஆளாகக் குதித்துக் கேமராவைக் கண்ணில் வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை வெளேர் என்று இருந்தது. குளிர்ந்த லென்ஸில் கடற்காற்றின் ஈரம் பட்டு ஆவி படிந்துவிட்டது. துடைத்தேன், மறுபடி படிந்தது. சட்டை நுனியால் துடைத்தேன், மறுபடியும் படிந்தது. லென்ஸைச் சட்டையால் துடைக்காதீர்கள் என்று ஆயிரம் பேருக்கு அறிவுரை சொன்னவன் நான்.

அதற்குள் ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் சரோஜா அம்மா, முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு மாசம். ஸ்டெல்லா கீழே நின்று இடது கையால் அவரைத் தாங்கினார். வலது கையில் கேமரா நெஞ்சுக்கு நேராக இருந்தது.

“தரைய பாக்காதீங்கம்மா, நான் புடிச்சிகினுகீறேன். அத்த பாருங்க, கடலு.”

அந்த அம்மா நிமிர்ந்தார். பயத்தில் இறுகியிருந்த முகம் அப்படியே விரிந்தது. கிளிக். “அடுத்து சார் வாங்க.” கிளிக். ஒருவரும் தடுமாறவில்லை. பதினொரு பேர், பதினொரு முகம். என் லென்ஸ் தெளிந்தபோது வேன் காலி. அசந்துபோய் நின்றேன்.

3. பேக்கப்

நாஸ்தா சாப்பிடும்போது வசந்தி மேடம் ஸ்டெல்லாவின் மெமரி கார்டை டேப்லெட்டில் போட்டுப் பார்த்தார். சரோஜா அம்மா படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். பிறகு என் கார்டைக் கேட்டார்.

“என்னுதுல ஒண்ணும் இல்ல மேடம். ஆவி புடிச்சிக்கிச்சி.”

“உன் கேமராவும் அதே ஏசிலதான வந்துது?” என்று ஸ்டெல்லாவைக் கேட்டார்.

“டாக்டரு வாய்க்குள்ள வுட்டுப் பாக்கற கண்ணாடி கீதுல்ல மேடம், ஜில்லுனு வச்சா மூச்சு பட்டு மங்கிடும். வெந்நீல காட்டிட்டுத்தான் அவரு கைல குடுப்பேன். வேன்ல வெந்நீக்கு எங்க போறது? அதான் வயித்துச் சூட்டுல வச்சிகினு வந்தேன்.”

இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. கேமரா சின்னதாக இருந்ததால்தான் அவரால் அதை அப்படி வைத்துக்கொள்ள முடிந்தது. நான் கொடுத்த பெரிய செட் என்றால் பையில்தான் கிடந்திருக்கும்.

“ஒண்ணாந்தேதி வந்துடு” என்றார் மேடம்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு இட்லி வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பி வரும்போது என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே. உங்க கேமராலயும் படம் வந்திருந்தா, மேடம் யாருத எடுத்திருப்பாங்க?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “என்னுதத்தாம்மா. அது பெருசு, பளிச்சுனு வரும்.”

“அப்போ எனக்கு வேலை?”

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. அதனால்தான் அது எனக்கு நன்றாக உறைத்தது. உதவி என்று நினைத்து நான் தூக்கிப்போனது, அவர் வேலைக்கே போட்டியாகிவிட்டது. என் லென்ஸ் மங்கியதால் அவர் பிழைத்தார்.

பயணத்துக்குக் கேமரா வாங்க வருகிறவரிடம் இப்போதெல்லாம் முதலில் அவர் கைகளுக்கு என்ன வேலை என்று கேட்கிறேன், அப்புறம்தான் சென்சார். அன்று கற்ற இன்னொரு பாடமும் உண்டு. அதற்குப் பிறகு எங்கள் கடைக் கேமராவோடு எத்தனையோ பேர் ட்ரயலுக்குப் போனார்கள். கேமராவைக் கையில் கொடுத்து, போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு, நான் கடையிலேயே இருந்துவிட்டேன்.