‘சாப்பிட்டபின்’ என்று எழுதிய மாத்திரை

எனக்கு முதலில் கெட்டது தூக்கம். ஒரு மாதம் தூங்காமலேயே உற்சாகமாக இருந்தேன். துறைமுகத்தில் மூன்று பேர் வேலையை ஒருவனாகப் பார்த்தேன், எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த மாதம் குளிக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. இருமுனை மனநோய் (மனம் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய்) என்று டாக்டரம்மா சொன்னபோது, படுகிற பாட்டுக்கு ஒரு பெயராவது கிடைத்ததே என்று இருந்தது.

லாமோட்ரிஜின் எழுதிக் கொடுத்தார். வலிப்புக்கான மருந்து, மனநிலையையும் நிலையாக வைக்கும். மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தோலில் தடிப்பு வரலாம். சிலருக்குத் தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, உயிருக்கே ஆபத்தாகும்.

நான் கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் அலுவலகத்தில் இருப்பவன். “நாளைக்கு வந்துரும் சார்” என்று சொல்லியே ஊரைக் காக்க வைத்தவன். இப்போது என்னைக் காக்க வைத்தார்கள். எப்படியோ முழு அளவுக்கு வந்து, ஒரு வருடம் மனிதனாக நடமாடினேன்.

அப்போதுதான் ஸ்ரீவைகுண்டத்தில் அப்பா காலமானார்.

நான் மூத்த பிள்ளை. எங்கள் வழக்கப்படி, காரியம் செய்பவனுக்குப் பதின்மூன்றாம் நாள் சுபம் முடியும்வரை பகலில் ஒருவேளைச் சாப்பாடுதான். என் மாத்திரை உறையில் ‘இரவு, சாப்பிட்டபின்’ என்று எழுதியிருந்தது. இரவுச் சாப்பாடு இல்லை, ஆகவே மாத்திரையும் இல்லை. ஈரவேட்டியும் எள்ளுமாக இருந்த எனக்கு இதில் எந்தத் தப்பும் தெரியவில்லை.

தூத்துக்குடி திரும்பிய அன்று சாயங்காலம், பழைய அளவிலேயே ஒரு மாத்திரையைப் பிரித்தேன். என் மனைவி வைதேகி அட்டையைப் பார்த்துவிட்டாள்.

“ஏன்னா, இதுல இவ்வளவு மிச்சம் இருக்கே?”

விஷயத்தைச் சொன்னேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இருங்கோ. டாக்டரைக் கேக்காம முழுங்க வேண்டாம்.”

மறுநாள் காலை டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நல்லவேள, போடல. இத்தன நாள் விட்டா உடம்புக்கு இது புது மருந்துதான். மறுபடி அடியில இருந்து ஏறணும்.”

“ஒரு வருஷம் சாப்பிட்டவன் டாக்டர். கொஞ்சம் வேகமா ஏத்தக் கூடாதா?”

“உங்க அவசரம் தோலுக்குத் தெரியாது சார். இன்னொண்ணு, இந்த மாத்திரையை வெறும் வயித்துலயும் போடலாம். எல்லாத்துக்கும் எழுதுற மாதிரி சாப்பிட்டபின்னு எழுதிருக்காங்க.”

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அந்த வாரமே பள்ளம் வந்தது. மருந்து ஏறுமுன் நான் இறங்கிவிட்டேன். விடுவிப்பு ஆணை வராத கண்டெயினர் யார்டில் வெயில் காய்வதுபோல, வீட்டின் நடு அறையில் கிடந்தேன். முழு அளவு மாத்திரைகளை வைதேகி எங்கோ ஒளித்து வைத்திருந்தாள். அதற்காக அவளை வெறுத்தேன். மருந்து அதே வீட்டில் இருந்தும் அதை எடுக்க முடியாத நிலை எவ்வளவு கொடுமை என்பது, இதில் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் என் முதுகைப் பார்ப்பாள். ஒருநாள் கழுத்தில் சிவப்புப் புள்ளிகள். ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணைப் பார்த்து, காய்ச்சல் உண்டா என்று கேட்டு, கடைசியில் வேர்க்குரு என்றார். வைதேகி நடையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை. இந்த மாத்திரை போடுபவரானால் நீங்களும் இப்படி ஓடுங்கள். வேர்க்குருவுக்காக ஓடினால் யாரும் குறைந்துவிட மாட்டோம்.

இதையெல்லாம்விட உள்ளே ஒன்று அடைத்திருந்தது. அப்பாவுக்காக நான் இன்னும் அழவில்லை. கொள்ளி வைத்தபோதும் இல்லை, பிறகும் இல்லை. அவரை நினைத்தால் மரத்த கன்னத்தைக் கிள்ளுவதுபோல இருந்தது.

மூன்றாம் மாசிகத்துக்கு (மாதந்தோறும் செய்யும் திதி) ஊருக்குப் போனோம். மாத்திரை பழைய அளவை நெருங்கியிருந்தது. அன்றும் எனக்கு இரவுச் சாப்பாடு கிடையாது. விளக்கேற்றிய பிறகு அம்மா ஒரு செம்புத் தண்ணீரும் மாத்திரையுமாக வந்தாள். வைதேகி சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

“வெறும் வயத்துலயும் போடலாமாமேடா. போட்டுக்கோ.”

விழுங்கினேன். தண்ணீர் உள்ளே இறங்குவது தெரிந்தது. சற்று நேரத்தில் வயிறு இழுத்துப் பிடித்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இத்தனை நாளும் தட்டில் வைத்ததைத் தின்றேனே தவிர, எனக்குப் பசித்ததே இல்லை.

“அம்மா, பசிக்கறது.”

“ஒரு ராத்திரிதானேடா. அப்பாவுக்காகப் பொறுத்துக்கோ.”

அவள் மடியில் விழுந்து அழுதேன். அப்பா போய் மூன்று மாதம் ஆகிவிட்டது என்றார்கள். எனக்கு அவர் அன்று சாயங்காலம்தான் போனார்.