சன்னக் குரல்

அமாவாசைச் சோறு வைக்க மாடி ஏறினேன். அண்டங்காக்கை ஒன்று அடித்தொண்டையில் கரைந்தது.

அப்பாவின் கருமாதியன்றும் அப்படித்தான் ஒன்று வந்தது. காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. அவர் போனதிலிருந்தே அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் அதைக் கல்லெடுத்து விரட்டினாள்.

“ஏம்மிணி, எல்லாரும் பசியில கெடக்கறோம்” என்றார் மாமா.

“அது அவரு இல்லீங்ணா. பெருத்த ஒடம்புக்குத்தான் அந்தக் கொரலு. இவரு ஒல்லி, சன்னக் கொரலு.”

வெயில் சாய்ந்தபோது சாம்பல் கழுத்துச் சின்னக் காக்கை ஒன்று மெல்லிசாகக் கத்திக்கொண்டு வந்து ஒரு வாய் எடுத்தது.

“இத்தன நேரம் எங்கீங்க போனீங்க?” என்று அதைக் கேட்டாள் அம்மா.

பிறகு எங்களோடு உட்கார்ந்து, இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.